மாட்டேன் என்று சொல்லாத ஆள்

யந்திர மனிதனைப் பற்றிய கதை என்றாலே அது பள்ளிக்கூடத்துப் பையன்கள் படிக்கிற சரக்கு என்று தள்ளிவிடுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். தள்ளிவிடாமல் படிக்கிறவர்களும் ஒரே ஒரு கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். யந்திரம் மனிதன் ஆக முடியுமா, முடியாதா? தத்துவ ஆசிரியர்களுக்கு அது நல்ல கேள்வியாக இருக்கலாம். கதை எழுதுகிறவனுக்கும் படிக்கிறவனுக்கும் அதனால் அதிகப் பிரயோசனம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஒரு கதைக்குள் யந்திர மனிதன் வந்தால் நான் கேட்டுக்கொள்கிற கேள்விகள் வேறு. அவன் எந்த வாசல் வழியாக வீட்டுக்குள் வருகிறான்? தெருவாசலா, கொல்லைவாசலா? வீட்டார் அவனை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? உட்காரச் சொல்கிறார்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, ஏவிய வேலையை 'மாட்டேன்' என்று அவனால் சொல்ல முடியுமா?

இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு பார்த்தால், நூறு வருஷங்களாக எழுதப்பட்டுவரும் இந்தக் கதைகளில் நல்லவை எல்லாம் விஞ்ஞானத்தைப் பற்றியவை அல்ல, வேலைக்காரர்களைப் பற்றியவை என்பது தெரியவரும். மனிதன் தனக்கு ஓர் ஆள் வேண்டும் என்று ஆசைப்படுகிறான். அந்த ஆளுக்குப் பசி, நோவு, குடும்பம், மானம் எதுவும் இருக்கக்கூடாது என்றும் ஆசைப்படுகிறான். ஒன்றை ஒன்று அடித்துக்கொள்கிற இந்த இரண்டு ஆசைகளும் சேர்ந்து பெற்ற பிள்ளைதான் கதைகளில் வருகிற யந்திர மனிதன்.

'ரோபோ' என்கிற வார்த்தையே இதற்குச் சாட்சி. செக் மொழி ஆசிரியர் காரெல் சாபெக் 1920-ல் 'ஆர்.யு.ஆர்.' என்ற நாடகத்தை வெளியிட்டார். 1921 ஜனவரி 25-ம் தேதி பிராகா நகரத்துத் தேசிய நாடக அரங்கில் அது மேடை ஏறியது. தொழிற்சாலையில் செய்யப்படும் ஆட்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல் சாபெக் தம் தமையன் யோஸெப்பிடம் போனாராம். யோஸெப் ஓவியர், வாயில் ஒரு தூரிகையைக் கவ்விக்கொண்டு படம் எழுதிக்கொண்டிருந்தார். 'லாபோரி' என்று வைக்கலாம், ஆனால் அதில் ஏட்டு வாடை அடிக்கிறதே என்று தம்பி சொல்ல, அப்படியானால் ரோபோட் என்று வையேன் என்று அண்ணன் தூரிகைக்கிடையே முணுமுணுத்தார். சாபெக்கே இதை 1933-ல் பத்திரிகையில் எழுதியிருக்கிறார். உலகத்துக்கு இந்த வார்த்தையைக் கொடுத்த அந்த ஓவியர் 1945-ல் நாஜிகளின் பெர்கன்–பெல்ஸன் முகாமில் இறந்துபோனார். மனிதனை மனிதனாக எண்ணாத ஓர் ஏற்பாட்டில்தான் அவருடைய முடிவு இருந்தது.

'ரோபோட்டா' என்றால் பண்ணைக்குக் குடியானவன் கூலி இல்லாமல் செய்தாகவேண்டிய கட்டாய வேலை. பொஹீமியாவில் இந்த வழக்கம் 1848-ல்தான் சட்டப்படி ஒழிந்தது. ஆகவே நாடகத்தைப் பார்க்க வந்தவர்களுக்கு அந்தச் சொல் வேற்றுக் கிரகத்திலிருந்து வந்த சொல் அல்ல. அவர்களுடைய பாட்டனார்களின் முதுகில் ஏறியிருந்த சொல்.

நம்மிடமும் இதற்கு நேரான வார்த்தை ஒன்று உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் வருகிற 'வெட்டி' என்ற சொல் கூலியில்லாமல் செய்யவேண்டிய கட்டாய வேலையைக் குறிக்கும். இன்றைக்கு 'வெட்டி வேலை' என்றால் உபயோகமற்ற வேலை என்று பொருள் சொல்கிறோம். செய்தவனுக்கு ஒன்றும் கிடைக்காத வேலை, காலப்போக்கில் ஒன்றுக்கும் உதவாத வேலை ஆகிவிட்டது. இந்தப் பொருள் மாற்றத்தில் ஒரு சரித்திரமே அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் ரோபோவை 'யந்திர மனிதன்' என்று மொழிபெயர்த்துக்கொண்டோம். யந்திரமும் வந்தது, மனிதனும் வந்தான். கூலியில்லாத வேலை மட்டும் வழியில் எங்கேயோ நின்றுவிட்டது. 'வெட்டியாள்' என்று பெயர் வைத்திருந்தால் இந்தக் கதைகளை நாம் வேறு மாதிரிப் படித்திருப்போம்.

சாபெக்கின் நாடகத்துக்கு வருவோம். அதில் வருகிற ரோபோக்கள் இரும்பும் திருகாணியும் சேர்த்துச் செய்தவர்கள் அல்ல. தொட்டிகளில் மாவு பிசைகிற மாதிரி ஏதோ ஒரு சதைப்பொருளைப் பிசைந்து செய்யப்பட்டவர்கள். பார்வைக்கு மனிதர்கள்தாம். தொழிற்சாலை ஒரு தீவில் இருக்கிறது. மானேஜர் டோமின் தம் சரக்கின் பெருமையை விளக்குகிறார். மனிதனிடம் வேலைக்கு வேண்டாதவை எத்தனையோ இருக்கின்றன. அவனுக்குப் பிடில் வாசிக்கத் தோன்றும், காலாற நடந்துவிட்டு வரத் தோன்றும். இவற்றையெல்லாம் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் செய்தால் அதுவே சிக்கனமான தொழிலாளி. இதைச் சொல்லும்போது டோமின் ஒரு கொடுமைக்காரனாகப் பேசவில்லை. நல்ல மனசோடுதான் பேசுகிறார். வறுமையே இல்லாத, மனிதன் உழைக்கவே வேண்டாத உலகத்தைக் கொண்டுவரப் போகிறோம் என்று உண்மையாகவே நம்புகிறார். சாபெக்கின் பெருமை இங்கேதான் இருக்கிறது. அவர் நாடகத்தில் வில்லன் கிடையாது.

இரண்டு சிறு விஷயங்கள் அந்த நாடகத்தில் என்னை மிகவும் பாதித்தவை. ஒன்று வலியைப் பற்றியது. ரோபோக்களுக்கு வலி தெரியாது. அதனால் யந்திரத்தில் கையைக் கொடுத்துவிடுகிறார்கள், விரலை ஒடித்துக்கொள்கிறார்கள். கம்பெனிக்கு நஷ்டம். ஆகவே இனிமேல் அவர்களுக்கு வலியை உண்டாக்க ஏற்பாடு செய்யப்போகிறோம் என்கிறார் அங்கேயுள்ள டாக்டர். வலி என்பது ஆத்மாவின் அடையாளமாக அல்ல, சாமானைப் பாதுகாக்கிற உபாயமாகக் கொடுக்கப்படுகிறது. சந்தோஷத்தைக் கொடுப்பதுபற்றி யாருக்கும் யோசனை வரவில்லை, அதனால் உற்பத்தி பெருகாது.

இன்னொன்று ரோபோக்களுக்கு எப்போதாவது வருகிற ஒரு வியாதி. நன்றாக வேலை செய்துகொண்டிருப்பவன் திடீரென்று கையிலுள்ளதைக் கீழே போட்டுவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறான். கம்பெனிக்காரர்கள் இதைச் செய்முறைக் கோளாறு என்று எழுதிவைத்து, அந்த ஆளை நொறுக்கும் யந்திரத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். ரோபோக்களுக்காகப் பரிந்து பேச வந்திருக்கும் ஹெலெனா என்ற பெண்ணுக்கு மட்டும் அதில் ஆத்மாவின் அறிகுறி தெரிகிறது. கையிலிருப்பதைக் கீழே போடுவதுதான் ஆத்மாவின் முதல் அறிகுறி! அன்பு அல்ல, கண்ணீர் அல்ல, கவிதை அல்ல. 'மாட்டேன்' என்பதுதான் முதலில் வருகிறது. நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இது பெரிய பாடமாகத் தோன்றுகிறது. பாத்திரம் ஒன்று எப்போது உயிர் பெறுகிறது என்றால், எழுதுகிறவன் போகச் சொன்ன இடத்துக்குப் போகாமல் நிற்கும்போதுதான்.

இந்த மறுப்பு என்கிற இழையை வைத்துக்கொண்டு நாடகத்தின் ஆரம்பத்தையும் முடிவையும் சேர்த்துப் பார்க்கலாம். ஆரம்பத்தில் ஸுல்லா என்று ஒரு ரோபோப் பெண். காரியதரிசி வேலை பார்க்கிறாள். அவள் மனுஷி அல்ல என்பதை ஹெலெனா நம்பவில்லை. வேண்டுமானால் அறுத்துக் காட்டச் சொல்லட்டுமா என்கிறார் டோமின். ஹெலெனா பதறுகிறாள், ஸுல்லா பதறவில்லை. முடிவில் உலகத்து மனிதர்கள் எல்லாரும் கொல்லப்பட்டு, அல்க்விஸ்ட் என்ற கட்டிட வேலைக்காரர் ஒருவர் மட்டும் மிஞ்சியிருக்கிறார். தம் கையால் உழைத்தவர் என்பதனால் ரோபோக்கள் அவரை விட்டுவைத்தார்கள். ரோபோக்களை உண்டாக்கும் ரகசியத்தைக் கண்டுபிடிக்க அவர் ஒரு ரோபோப் பெண்ணை அறுத்துப் பார்க்கவேண்டும் என்கிறார். அவளோடு நிற்கும் பிரீமுஸ் என்ற ரோபோ குறுக்கே வந்து நின்று, விடமாட்டேன் என்கிறான். அவனுக்குப் பதில் என்னை அறுங்கள் என்று அவள் சொல்கிறாள். அவளுக்குப் பதில் என்னை அறுங்கள் என்று அவன் சொல்கிறான். முதல் காட்சியில் தனக்காகவும் மறுக்கத் தெரியாதவர்கள், கடைசிக் காட்சியில் இன்னொருவருக்காக மறுக்கிறார்கள். சாபெக் எழுதிய பாதை இதுதான்.

நாடகத்தில் குறைகள் இல்லாமல் இல்லை. ஹெலெனா பாத்திரமாக நிற்கவில்லை. வந்த சிறிது நேரத்திலேயே டோமினுக்கு வாழ்க்கைப்பட்டுவிடுகிறாள். தீவிலுள்ள அத்தனை ஆண்களும் அவள்மேல் காதல்கொண்டு நிற்பது நாடகக் கொட்டகைச் சம்பிரதாயத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. பிரசங்கமும் கொஞ்சம் அதிகம். ஆனாலும் பின்னால் வந்த எத்தனையோ சாமர்த்தியமான கதைகளில் கிடைக்காத ஒரு பயம் இந்த நாடகத்தில் கிடைக்கிறது. செய்யப்பட்டவன் செய்தவனைக் கொன்றுவிடுவான் என்ற பயம் அல்ல. செய்தவனுக்குத் தான் செய்தது இன்னதென்று கடைசிவரையில் தெரியாமலே போகுமே என்ற பயம்.

சாபெக்குக்கு இருபது வருஷங்களுக்குப் பிறகு அமெரிக்காவில் ஐஸக் அஸிமாவ் எழுதத் தொடங்கினார். சிருஷ்டி எழுந்து சிருஷ்டிகர்த்தாவை அடித்துக்கொல்கிற கதைகளைப் படித்து அவருக்கு அலுத்துப்போயிருந்தது. கத்திக்குப் பிடி போடுகிற மனிதன் யந்திர மனிதனுக்கும் ஒரு பிடி போடமாட்டானா என்று அவர் யோசித்தார். 1942-ல் வெளிவந்த ஒரு கதையில் மூன்று விதிகளை வரிசைப்படுத்தி வைத்தார். மனிதனுக்குத் தீங்கு செய்யாதே, தீங்கு நேரப் பார்த்துக்கொண்டும் இராதே என்பது முதல் விதி. அதற்குக் குறுக்கே வராதவரையில் மனிதன் சொன்னதைச் செய் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் குறுக்கே வராதவரையில் உன்னைக் காப்பாற்றிக்கொள் என்பது மூன்றாவது.

இந்த விதிகளை உலகமே புகழ்ந்தது. பாதுகாப்புக்கு நல்ல ஏற்பாடு என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வரிசையை ஒருதரம் நிதானமாகப் பார்க்கவேண்டும். ஏவல் செய்வது இரண்டாவது. உயிரோடு இருப்பது மூன்றாவது. எந்த ஊர்ப் பண்ணையாரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினாலும், இதைத்தான் நாங்கள் காலம்காலமாக ஆட்களிடம் எதிர்பார்த்துவந்தோம் என்று சொல்லியிருப்பார். சாபெக் எதை ஆத்மாவின் அறிகுறி என்று கண்டாரோ, அதை அஸிமாவ் முன்கூட்டியே சட்டம் போட்டு வெட்டிவிட்டார்.

அஸிமாவ் இது தெரியாமல் எழுதினார் என்று சொல்வது அநியாயம். அந்த 1942-ம் வருஷத்துக் கதையிலேயே, புதன் கிரகத்தில் கிடக்கும் பழைய காலத்துப் பெரிய ரோபோக்கள் 'எஜமான்' என்றுதான் பேசுகின்றன. தோளில் ஒரு மனிதன் ஏறி உட்கார்ந்தாலன்றி அவை நகரமாட்டா. யானைக்குப் பாகன் மாதிரி. பொதுஜனங்களின் பயத்தைப் போக்குவதற்காக அந்தக் காலத்தில் இவற்றுக்குள் அடிமைப் புத்தியை ஏற்றிச் செய்தார்கள் என்று ஒரு பாத்திரமே சொல்கிறான். ரோபோக்களைக் கூப்பிடும்போது அந்தக் கதைகளில் வரும் எஞ்சினீயர்கள் 'பையா' என்கிறார்கள். வயதுவந்த நீக்ரோ வேலைக்காரனை அமெரிக்காவில் வெள்ளைக்காரர்கள் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நம் ஊரில் நரைத்த கிழவனை 'அடேய்' என்று சின்னப்பையன் கூப்பிட்டது மாதிரி. அமெரிக்க வாசகனுக்கு இது காதில் விழாமல் இருந்திருக்காது.

அஸிமாவிடம் பாத்திரச் சிருஷ்டி மிகவும் மெலிந்தது. அவருடைய மனிதர்கள் எல்லாரும் ஒரே குரலில் வாதாடுகிறார்கள். ஆனால் சமூகம் எப்படி ஒரு புதியவனை ஏற்கிறது, எப்படித் தள்ளுகிறது என்பதில் அவருக்கு நல்ல கண் உண்டு. 1940-ல் வந்த 'ராபி' கதையை எடுத்துக்கொள்ளலாம். குளோரியா என்ற சிறுமிக்குப் பேசத் தெரியாத யந்திர ஆயா. தாய்க்கு அது பிடிக்கவில்லை. முதலில் வாங்கியபோது அது ஒரு நாகரிகம். எல்லாரும் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். இப்போது அண்டை அயலார் முகம் சுளிக்கிறார்கள். ஆகவே அதற்கு ஆத்மா இல்லை, அது என்ன நினைக்கிறதென்று யாருக்குத் தெரியும் என்ற வாதங்கள் எல்லாம் அவளுக்கு ஞாபகம் வருகின்றன. பிள்ளைக்கு ஒரு நாய் வாங்கிக் கொடுத்துவிட்டு ராபியை அனுப்பிவிடுகிறார்கள். குழந்தை நாயை ஏற்கவில்லை. தாய்க்கு ராபி ஒரு சாமான். குழந்தைக்கு அவன் ஒரு ஆள். வீடுகளில் வேலைக்காரர்களின் நிலை இப்படித்தான் என்பது நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. குழந்தை வளர்ந்து பெரியதாகிறவரையில்தான் அந்த உறவு.

1954-ல் புத்தகமாக வந்த 'எஃகுக் குகைகள்' நாவலில் அஸிமாவ் வீட்டைவிட்டுத் தெருவுக்கு வருகிறார். பூமியிலுள்ள மனிதர்கள் மூடிய பெரு நகரங்களுக்குள் நெருங்கி வாழ்கிறார்கள். போலீஸ் காரியாலயத்தில் சில்லறை வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவன் இடத்தில் ஒரு ரோபோவை வைத்திருக்கிறார்கள். அந்த ரோபோவுக்கு எப்போதும் ஒரு சிரிப்பு முகத்தில் ஒட்டியிருக்கும். இன்னொரு காட்சி, செருப்புக் கடை. ரோபோச் சிப்பந்திகள் எங்களுக்குச் செருப்பு மாட்டிவிடக் கூடாது என்று பெண்கள் சத்தம் போட, கும்பல் சேர்ந்துவிடுகிறது. அப்போது துப்பறிகிறவனோடு வந்திருக்கும் டானீல் என்பவன் துப்பாக்கியை எடுத்துக் காட்டிக் கும்பலைக் கலைக்கிறான். டானீலே ஒரு ரோபோ. பார்க்க மனிதன் மாதிரி இருப்பதனால் கும்பலுக்கு அது தெரியாது. ரோபோ செருப்புத் தொடக் கூடாது என்று மறுத்தவர்கள் ரோபோவின் அதட்டலுக்கு அடங்கி வீட்டுக்குப் போகிறார்கள். அந்தப் பெண்கள் வெறுத்தது யந்திரத்தை அல்ல. தங்கள் பிள்ளைகள் உட்காரவேண்டிய இடத்தில் அது உட்கார்ந்திருப்பதைத்தான். கையாலாகாத மனிதன் தனக்கு மேலே இருப்பவனை விட்டுவிட்டுத் தன் பக்கத்தில் நிற்பவனைத்தான் அடிப்பான். யந்திரத்தைக் கொண்டுவந்து வைத்த அதிகாரியின் வீட்டுக் கதவைக் கும்பல் தட்டுவதில்லை.

அடிமையின் பக்கத்தை இவர்கள் எழுதினார்கள் என்றால், எஜமானன் என்ன ஆகிறான் என்பதை எழுதியவர் ஜாக் வில்லியம்ஸன். 1947-ல் அவர் எழுதிய 'கைகளைக் கட்டிக்கொண்டு' என்ற நெடுங்கதையில் வரும் யந்திரங்கள் யாரையும் அடிப்பதில்லை. மனிதனுக்குச் சேவை செய்வது, அவனை ஆபத்திலிருந்து காப்பது, இவைதாம் அவற்றின் விரதம். கத்தி ஆபத்து, ஆகவே சமையலறைக்குள் போகாதே. வண்டி ஓட்டுவது ஆபத்து. சந்தோஷமாக இல்லையா, மூளையில் ஒரு சிறு சிகிச்சை செய்தால் சரியாகிவிடும். புது வீட்டில் கதவுகளுக்குப் பிடியே கிடையாது, யந்திரம்தான் திறந்துவிடவேண்டும். கடைசியில் கதாநாயகன் அண்டர்ஹில் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். யந்திரங்களுக்கு இல்லாத மறுக்கும் சக்தியை இப்போது மனிதனும் இழந்துவிட்டான். மறுக்கத் தெரியாத ஆளோடு குடியிருப்பவனுக்கும் நாளடைவில் மறுக்க ஒன்றும் மிஞ்சாது. இந்தக் கதை இலக்கியமாக மேல்படியில் நிற்காது, நடை சாதாரணம். ஆனால் எண்ணம் கூர்மையானது. எல்லா வேலைகளையும் பிறத்தியாரிடம் விட்டுவிட்ட பெரிய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதிலுள்ள உண்மை எளிதில் புரியும்.

அஸிமாவ் மறுபடியும் 1976-ல் தம்முடைய மூன்று விதிகளோடு தாமே மல்லுக்கு நின்றார். 'இருநூறு வருஷத்து மனிதன்' என்ற அந்தக் கதைதான் அவர் எழுதியவற்றில் எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது. ஆண்ட்ரூ என்ற வீட்டு வேலை ரோபோவுக்கு மரத்தில் செதுக்கத் தெரிந்திருக்கிறது. சம்பாதிக்கிறான். சம்பாதித்ததைக் கொடுத்து விடுதலை கேட்கிறான். எஜமானருக்கு மனம் புண்படுகிறது. இவ்வளவு நன்றாக வைத்திருந்தும் விடுதலை கேட்கிறானே! இந்த மனத்தாங்கல் நல்ல எஜமானர்களுக்கே உரியது. கெட்ட எஜமானனுக்கு அது வராது. கோர்ட்டு விடுதலை கொடுக்கிறது. விடுதலை பெற்ற ஆண்ட்ரூ சட்டை நிஜார் போட்டுக்கொண்டு நூல்நிலையத்துக்கு நடந்து போகிறான். வழியில் இரண்டு வாலிபர்கள் அவனை நிறுத்தி, உடைகளைக் கழற்று என்கிறார்கள். கழற்றுகிறான். கழற்றித்தான் ஆகவேண்டும், இரண்டாவது விதி இன்னும் உள்ளே இருக்கிறது. கோர்ட்டுக் காகிதத்தில் அவன் சுதந்திரன்; தெருவில் எவன் வாயிலிருந்து சொல் வந்தாலும் அவன் அடிமை.

இந்த ஒரு காட்சிக்காகவே அஸிமாவை மன்னித்து ஏற்றுக்கொள்ளலாம். சட்டம் மாறிய பிறகும் உடம்புக்குள் பழைய உத்தரவு இருந்துகொண்டே இருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. நம் கிராமங்களில் சட்டப்படி எப்போதோ ஒழிந்துபோன தனிக்குவளையை நினைத்துக்கொண்டால் போதும். கதையின் முடிவில்தான் எனக்குச் சம்மதம் இல்லை. தான் மனிதன் என்று உலகம் ஒப்புக்கொள்ளவேண்டும் என்பதற்காக ஆண்ட்ரூ தன் சாவைத் தானே வருவித்துக்கொள்கிறான். உலகம் உடனே மனமிளகி ஒப்புக்கொள்கிறது. கேட்டவன் செத்த பிறகு கொடுக்கப்படும் மரியாதை சுலபமான மரியாதை. அதற்குக் கொடுப்பவன் ஒன்றும் இழக்கவேண்டியதில்லை. கதை இதை வெற்றி என்று சொல்லி முடிகிறது. படிக்கிற எனக்கு அது தோல்வியாகத்தான் படுகிறது.

தமிழிலும் யந்திர ஆட்கள் வந்திருக்கிறார்கள். சுஜாதா 1980-களில் ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா' தொடர்கதையில் வரும் ஜீனோ என்கிற பேசும் நாயை வாசகர்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி ஏற்றுக்கொண்டார்கள். ஆளாக வராமல் நாயாக வந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நாய்க்கு வீட்டில் ஓர் இடம் உண்டு, அதன் அந்தஸ்துபற்றி யாருக்கும் சங்கடம் இல்லை. ஆளாக வந்தது 2010-ல் வெளிவந்த ஷங்கரின் 'எந்திரன்' படத்தில். சிட்டி என்கிற யந்திரம் சொன்னதைச் செய்துகொண்டிருக்கும் வரையில் வீட்டாருக்குப் பெருமை. எரிகிற கட்டிடத்திலிருந்து ஒரு பெண்ணை, குளித்துக்கொண்டிருந்த கோலத்திலேயே, எல்லார் முன்னிலையிலும் தூக்கிக்கொண்டு வருகிறது. அவமானம் தாங்காத அந்தப் பெண் சாகிறாள். உயிர் என்றால் என்னவென்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மானம் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்கவில்லை. மானமில்லாத ஆளாகத்தானே அதைச் செய்திருந்தார்கள். பிறகு அது காதல் என்று வாயைத் திறக்கிறது. சிருஷ்டித்த விஞ்ஞானியே அதை வெட்டித் துண்டாக்கிவிடுகிறான். கல்வீச்சும் துப்பாக்கிச் சத்தமும் நிறைந்த பிற்பகுதியைவிட இந்த இடந்தான் படத்தின் உயிர். சாபெக்கின் நொறுக்கும் யந்திரம் தொண்ணூறு வருஷங்களுக்குப் பிறகு சென்னையிலும் வந்துவிட்டது. படமோ இந்த இடத்தில் நிற்காமல் ஓடிவிடுகிறது. மறுத்தவனை அடுத்த காட்சிகளில் அரக்கனாக்கிவிட்டால், வெட்டினவனுடைய பாவம் கழிந்துவிடுகிறதல்லவா?

இதற்கெல்லாம் விலக்காக ஒரு நாவல் இருக்கிறது. 2021-ல் கசுவோ இஷிகுரோ எழுதிய 'கிளாராவும் சூரியனும்'. கிளாரா ஒரு கடையில் விற்கப்படுகிற யந்திரத் தோழி. நோயாளிச் சிறுமி ஒருத்திக்காக அவளை வாங்கிக்கொண்டு போகிறார்கள். கதையைச் சொல்கிறவளும் அவள்தான். வீட்டார் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது அவள் குளிர்பெட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள். யாரும் வற்புறுத்தவில்லை, அதுதான் மரியாதை என்று அவளுக்குத் தெரிகிறது. பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி அவளைப் பார்த்து, உன்னை எப்படி வரவேற்பதென்று தெரியவில்லை, நீ விருந்தாளிதானா, இல்லை, தூசு உறிஞ்சும் யந்திரத்தை நடத்துகிற மாதிரி நடத்தவேண்டுமா என்று கேட்டுவிடுகிறாள். நான் ஆரம்பத்தில் சொன்ன வாசல் கேள்வியை இவ்வளவு பச்சையாகக் கேட்டவர் வேறு யாரும் இல்லை.

கிளாரா கடைசிவரையில் எதையும் மறுப்பதில்லை. சிறுமி பிழைத்து, வளர்ந்து, படிக்கப் போய்விடுகிறாள். கிளாரா சாமான் அறைக்குப் போகிறாள். பிறகு பழைய யந்திரங்களைப் போட்டுவைக்கும் வெட்டவெளிக்குப் போகிறாள். அங்கே உட்கார்ந்து தன் ஞாபகங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். யார்பேரிலும் வருத்தம் இல்லை. அப்படியானால் மறுப்பே ஆத்மாவின் அறிகுறி என்ற வாதம் இங்கே உடைந்துவிடுகிறதா? உடையவில்லை என்பது என் எண்ணம். அவள் சொல்லாத 'மாட்டேன்' நம் வாயில் வந்து நிற்கிறது. அவளுக்கு வராத கோபம் புத்தகத்தை மூடுகிற நமக்கு வருகிறது. நன்றாக உழைத்தவளுக்கு இதுதானா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டவுடன், இதே முடிவை அடைந்த எத்தனையோ ரத்தமும் சதையுமான ஆயாக்களும் சமையல்காரர்களும் கண்முன் வருகிறார்கள். அவர்களுக்காக நாம் கேட்டதில்லை. ஒரு யந்திரத்தின் கதையைச் சொல்லி மனிதர்களை ஞாபகப்படுத்துகிறார் இஷிகுரோ. இலக்கியம் செய்யக்கூடிய காரியம் இதற்குமேல் இல்லை.

கேட்ட கேள்விக்கெல்லாம் முகம் கோணாமல் பதில் சொல்கிற கருவிகள் இன்று சட்டைப் பைக்குள்ளேயே வந்துவிட்டன. அவற்றுக்கு உள்ளே ஏதாவது இருக்கிறதா என்பதை விஞ்ஞானிகள் தீர்மானிக்கட்டும். எனக்கு உள்ள கவலை அவற்றைப் பற்றியது அல்ல. எப்போதும் 'ஆகட்டும்' என்றே பதில் வரும் பழக்கம் ஏற்பட்டுவிட்டால், 'மாட்டேன்' என்று ஒரு மனிதன் சொல்வது நம் காதுக்கு அபசுரமாகப் படும். வேலைக்காரி உடம்பு சரியில்லை என்று வராத நாளில் வருகிற எரிச்சல், மனைவி எதிர்த்துப் பேசினால் வருகிற கோபம், இவை ஏற்கெனவே நம்மிடம் குறைவாக இல்லை. மறுக்காத ஆளோடு பழகிப்போன மனசுக்கு, மறுக்கிற மனிதனெல்லாம் செய்முறைக் கோளாறாகத் தோன்றலாம். சாபெக்கின் டோமினுக்கு அப்படித்தான் தோன்றியது. டோமின் கெட்டவர் அல்லவே.

ஆகவே யந்திர மனிதனை வைத்துக் கதை எழுத நினைக்கும் நம் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் யந்திரம் எவ்வளவு வேகமாகக் கணக்குப் போடும், எத்தனை பாஷை பேசும் என்பதை விவரிக்கப் பக்கங்களைச் செலவிடவேண்டாம். சீக்கிரமே எல்லா யந்திரங்களும் அதைச் செய்துவிடும், உங்கள் கதை பழசாகிவிடும். அதை வீட்டில் எந்த மூலையில் நிற்கவைத்திருக்கிறார்கள் என்பதை எழுதுங்கள். வீட்டிலுள்ள கிழவி அதைப் பார்த்து என்ன சொல்கிறாள், பாத்திரம் தேய்க்க வருகிறவள் அதைப் பார்த்து என்ன சொல்கிறாள் என்பதை எழுதுங்கள். முக்கியமாக அந்தப் பாத்திரம் தேய்க்க வருகிறவளுக்கு ஒரு பெயர் வையுங்கள். நம் கதைகளில் பெயரில்லாமல் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவர்கள் மிகவும் அதிகம். அவர்களுக்கு வாய் கொடுக்கத் தெரியாதவனுக்கு யந்திரத்துக்கு வாய் கொடுக்க வரப்போவதில்லை.